இருபத்திரண்டாம் நாள் கடிதம்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பாதிதான் உண்மை. நீ எப்படி இருக்கிறாய்? மே முதல் வாரம் வந்திருந்தபோது இளைத்துத் தெரிந்தாய். கேட்டால் வெயில் என்று சொல்லிவிட்டாய். இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பதில் சொல்.

சலவைக் கடையில் நாள் முழுக்க ஊரார் சட்டைப் பைகளைத் துழாவுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். பேனா, பஸ் டிக்கெட், ஒரு தடவை பொய்ப் பல் செட்டு கூட வந்தது. எல்லாவற்றையும் எடுத்து, சீட்டு ஒட்டி, பத்திரமாக வைக்கிறேன். ஆனால் பெற்ற பெண்ணின் சீருடைப் பையை மட்டும் பார்க்காமல் ஊற வைக்கப் போனேன். கடைசி நிமிடத்தில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. நாலாக மடித்த ஒரு தாள்.

"இந்தக் கடிதம் கடல் தாண்டி வந்தது. கிடைத்த இருபத்தொரு நாளுக்குள் இதேபோல் ஒன்பது கடிதம் எழுதி அனுப்பு. அனுப்பிய ஒருவருக்கு வீடு கிடைத்தது. அனுப்பாத ஒரு சிறுமியின் அம்மா மாடிப்படியில் விழுந்து செத்துப்போனாள்." மேலே மே 30 என்று தேதி. கீழே பெயர் கிடையாது. பிள்ளைக் கையெழுத்து, அதிலும் அழித்து அழித்து எழுதியது.

எனக்கு வந்த கோபத்தில் கீச்சுவின் கண்முன்னாலேயே சுக்கு நூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம். அவள் அழவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் குப்பைத்தொட்டியில் கையை விட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மூன்று மாடியும் இறங்கி முடிக்கும்வரை என் கையை விடமாட்டேன் என்கிறாள். எனக்கு முன்னால் ஒரு படி, பின்னால் திரும்பி ஒரு பார்வை. குரலைக் கேட்டு நீதானே அவளுக்குக் கீச்சு என்று பெயர் வைத்தாய்? நாலு நாளாக வீட்டில் அந்தக் குரலே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் அனுப்புகிறார்கள்? நீ தபால் ஆபீசில் இருக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுது.

உன் தங்கை

ஜூன் 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மாப்பிள்ளையும் கீச்சுவும் நல்லபடி இருக்கவேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு.

யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். கீச்சுவைப் போலப் பயந்த இன்னொரு பிள்ளைதான். அதற்கு அனுப்பியதும் பயந்த பிள்ளைதான். விலாசம் சரியில்லாத கடிதங்களெல்லாம் எங்கள் பிரிவுக்குத்தான் வருகின்றன. பிரித்துப் பார்த்து, அனுப்பியவர் யார் என்று தேடித் திருப்பி அனுப்புவது என் வேலை. பத்தொன்பது வருஷத்தில் இந்த மாதிரிக் கடிதம் மூட்டைக் கணக்கில் பார்த்துவிட்டேன். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு அலை வரும். பக்கத்து மேசைக்காரர், "இந்த வருஷம் எத்தனை பேரு சாகப்போறாங்கக்கா?" என்று கேட்டபடிதான் பையை அவிழ்ப்பார்.

அவளைத் திட்டாதே. இது பொய் என்று வாதாடவும் வேண்டாம். உன் உயிரைக் காப்பாற்றத்தான் அந்தப் பிள்ளை படியில் முன்னால் போகிறது. அவள் என்ன செய்ய நினைத்திருக்கிறாள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பார்.

நான் தைத்துக் கொடுத்த ஜன்னல் திரை நீளம் சரியாக இருக்கிறதா? சொல்லவே இல்லையே.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைப் பற்றிக் கேட்டால் திரையைப் பற்றி எழுதுகிறாய். திரை நன்றாகத்தான் இருக்கிறது.

நீ சொன்னபடி கேட்டேன். புத்தகப் பையின் அடியிலிருந்து ஒன்பது கடிதங்களை எடுத்துக் காட்டினாள். துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்து, ஒன்பதையும் தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள். பென்சில் பிடித்த விரலில் சின்னதாகக் காய்ப்பு. ஆனால் ஒரு உறையிலும் விலாசம் இல்லை.

"ஏன்டி யார் பேரும் எழுதல?"

"யாருக்கு எழுதினாலும் அவங்க அம்மாவுக்கு ஆயிடும்ல."

அனுப்பாவிட்டால் நான் செத்துவிடுவேன், அனுப்பினால் வேறு யாருடைய அம்மாவோ சாவாள். இரண்டுக்கும் நடுவில் பத்து நாளாகப் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறது அக்கா.

பள்ளிக்கூட வாசலில் போய்க் கேட்டால் இவள் மட்டுமில்லை, மூன்றாம் வகுப்பு முழுக்க இதே கதை. வகுப்பு டீச்சர், "எல்லாத்தையும் எங்கிட்டக் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு அட்டைப்பெட்டி வைத்தாராம். மறுநாள் அந்த டீச்சருக்குக் காய்ச்சல் வந்து லீவு. அதோடு பிள்ளைகள் பெட்டிப் பக்கமே போகவில்லை. ஒரு அப்பா, "இதெல்லாம் மூட நம்பிக்கை" என்று வாய் கிழியப் பேசினார். அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரே ஆபீஸ்ல ஒன்பது காப்பி எடுத்து அனுப்பிட்டாரு, வெளிய சொல்லிடாதீங்க" என்றாள். எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால், "அனுப்பித் தொலைச்சிட்டாப் போச்சு, பிள்ளை நிம்மதியா சாப்பிடும்" என்று சொல்லிவிட்டு ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நேற்று கீழே இறங்கும்போது நானும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

இருபதாம் தேதியோடு இருபத்தொரு நாள் முடிகிறது. என்ன செய்யட்டும்?

உன் தங்கை

ஜூன் 14

என் கீச்சுக் குட்டிக்கு,

பெரியம்மாவின் அன்பு முத்தம். நீ சமர்த்தாக இருப்பாய், சாப்பாட்டில்தான் கொஞ்சம் குறை என்று கேள்விப்பட்டேன்.

உன் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா எழுதியிருந்தாள். ஆபீஸ்காரி என்பதால் எதையும் இரண்டு தடவை படிப்பேன். ஒன்பது கடிதம் அனுப்ப வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. ஒன்பது பேருக்கு என்று எங்கேயும் இல்லை. அதனால் ஒன்பதையும் எனக்கே அனுப்பிவிடு. எனக்குப் பிள்ளை கிடையாது. அம்மாவும் எப்போதோ போய்விட்டாள். அந்தக் கடிதம் என் வீட்டுக்கு வந்தால் பிடிப்பதற்கு ஆள் இல்லாமல் திணறிப்போகும்.

நான் அதை யாருக்கும் அனுப்பப்போவதில்லை. இருபத்தொரு நாள் கழித்து இருபத்திரண்டாம் நாள் உனக்கு ஒரு கடிதம் எழுதுவேன். "கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்" என்று அதில் இருக்கும். அத்தோடு இந்தக் கடிதத்தின் கதை முடிந்தது. சரியா?

தபால்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று சொல்கிறேன். உறையின் மேல் வட்டமாக ஒரு முத்திரை இருக்கும் பார். கடிதம் என்றைக்குக் கிளம்பியது என்று அதில் இருக்கும். எழுதுகிறவர்கள் உள்ளே எந்தத் தேதி வேண்டுமானாலும் போடுவார்கள். முத்திரை அப்படியில்லை. இனி எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் அதைப் பார்.

உன் பெரியம்மா

ஜூன் 17

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பா நலம். நீங்கள் நலமா?

ஒன்பது கடிதமும் இதோடு அனுப்புகிறேன். அப்பா ஒரே பெரிய உறையில் போட்டால் போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது உறையில் போட்டு ஒன்பது தபால்தலை ஒட்டியிருக்கிறேன். இது பத்தாவது, இது சாதாரணக் கடிதம், பயப்படாதீர்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். பிடிக்க வேறு ஆள் இல்லை என்றால் அது உங்களையே பிடிக்குமா? அம்மாவிடம் கேட்டேன், பெரியம்மா ரொம்ப கெட்டி, அவளை ஒன்றும் செய்யாது என்றார். நிஜமா? நிஜம் இல்லை என்றால் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் வேறு ஏதாவது யோசிக்கிறேன். முத்திரை பார்க்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் 14 என்று இருந்தது. சரியாக இருந்தது.

மறக்காமல் இருபத்திரண்டாம் நாள் எழுதுங்கள். காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு உங்கள் கீச்சு

ஜூலை 12

என் கீச்சுவுக்கு,

நீ சுகமாகப் பள்ளிக்கூடம் போய் வருவாய் என்று நம்புகிறேன்.

உன் ஒன்பது கடிதமும் ஜூன் 20 அன்று வந்தன. இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். சொன்னபடி எழுதுகிறேன். காலையில் எழுந்தேன், குளித்தேன், ஆபீசுக்கு வந்தேன், நாற்பது கடிதம் பிரித்தேன். தும்மல்கூட வரவில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். இனி நீ படியில் குதித்துக் குதித்து இறங்கலாம்.

பெரியம்மா

ஜூலை 4

அக்கா,

இங்கே நலம் விசாரிக்கிற நிலையில் யாரும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலை 12 என்று தேதி போட்ட கடிதத்தை எப்படி அக்கா ஜூலை 3 அன்று நான் வாங்கமுடியும்? தபால்காரர் கொடுத்ததும் கீச்சுதான் ஓடிப்போய் வாங்கினாள். உள்ளே பார்ப்பதற்கு முன்னால் நீ சொல்லிக்கொடுத்தபடி முத்திரையைப் பார்த்தாள். ஜூன் 30. பிறகு பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "பெரியம்மா ஏன் பொய் சொல்றாங்க?" என்றாள். பிறகு பதிலையும் அவளே சொன்னாள்.

"பன்னண்டாம் தேதி எழுத முடியாதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதான் இப்பவே எழுதிட்டாங்க." சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எட்டு வயதுக்கு இருக்கிற மூளையைப் பார்.

கடை முதலாளியிடம் கெஞ்சி அவர் போனிலிருந்து உன் ஆபீசுக்குப் பேசினேன். யாரோ எடுத்து, "அவங்க லீவு" என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் ஒரு மாதம் என்றார்கள். நீ அம்மா காரியத்துக்கே நாலு நாள்தான் லீவு போட்டாய். எங்கே இருக்கிறாய்? இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கும் வீட்டு விலாசத்துக்கும் ஒவ்வொன்றாக அனுப்புகிறேன். யார் பிரித்தாலும் சரி, எனக்குப் பதில் வேண்டும்.

தங்கை

ஜூலை 9

மதிப்புக்குரிய சகோதரிக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் உங்கள் அக்காவின் பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவன். உங்கள் கடிதத்தைப் பிரித்ததற்கு மன்னிக்கவும். எங்கள் பிரிவில் அது ஒன்றும் புதிதல்ல.

தப்பு என்னுடையது. முப்பதாம் தேதி அக்கா என் கையில் அந்தக் கடிதத்தைக் கொடுத்து, "பன்னண்டாம் தேதி பையில போடணும், அதுவரைக்கும் டிராயர்ல இருக்கட்டும்" என்று சொன்னார். சரி என்றுதான் தலையாட்டினேன். ஆனால் கைக்கு வந்த தபாலை அன்றைய பையில் போடாமல் வைத்திருப்பது இருபது வருஷத்தில் நான் செய்யாத வேலை. சாயங்காலம் பை கட்டும்போது கை தானாக எடுத்துப் போட்டுவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. ஓடி வந்தேன். வண்டி போய்விட்டிருந்தது.

சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது சொல்லாமல் இருந்தால்தான் பாவம். ஜூலை 1 அன்று அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்பில் ஒரு கட்டி. மூன்றாம் தேதி ஆபரேஷன் முடிந்தது. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர ஒரு மாதம் ஆகலாம் என்கிறார்கள். பேசுகிறார், கஞ்சி குடிக்கிறார். நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிப் போய் வருகிறோம். வார்டில் தலையணைக்கு அடியில் ஒன்பது கடிதம் வைத்திருக்கிறார், நர்ஸ் எடுக்கச் சொன்னாலும் தருவதில்லை.

தங்கள் பணிவுள்ள பக்கத்து மேசைக்காரன்

ஜூலை 17

அன்புள்ள அக்கா,

நீ கண் விழித்து இதைப் படிக்கிற அளவுக்குத் தெம்பாக இருக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுதினால் தாள் போதாது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி இருக்கிறேன். கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக்கு யாரைக் கூட்டிப்போனாய்?

அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். அன்றே கிளம்பியிருப்பேன். கீச்சுவால்தான் முடியவில்லை. உன் பக்கத்து மேசைக்காரர் எழுதியதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துப் படித்துவிட்டாள். ஐந்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது. தண்ணீர்கூட நான் நின்று பார்த்தால்தான் குடிக்கிறாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன், உடம்பில் ஒன்றுமில்லை என்றார்.

"நான்தான் பெரியம்மாவுக்கு அனுப்பினேன்." இதை மட்டும்தான் சொல்கிறாள். நான் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை. கிழித்துப் போட்டவள் நான், பெரியம்மா கெட்டி என்று சொன்னவளும் நான், என்னை எப்படி நம்புவாள்? நேற்று அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினார். "ஒன்பதையும் திருப்பி வாங்கித் தாங்கப்பா, நானே வெச்சுக்கறேன்" என்று அழுதாள். ரொட்டி வண்டிக்காரர் அழுது நான் பார்த்ததில்லை, நேற்று பார்த்தேன்.

உனக்கு முடிந்தால் அவளுக்கு ஏதாவது எழுது. அது சின்ன ஆபரேஷன், சும்மா ஒரு கொப்புளம் என்று எதையாவது. நீ சொன்னால்தான் நம்புவாள். இனிமேல் நம்புவாளா என்றும் தெரியவில்லை.

உன் தங்கை

ஜூலை 22

என் கண்ணே கீச்சு,

நீ சாப்பிடவில்லை என்று அம்மா எழுதியிருக்கிறாள். எனக்கு இங்கே கஞ்சி இறங்கவில்லை. படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சும்மா ஒரு கொப்புளம் என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா. நான் எழுதப்போவதில்லை. உன்னிடம் ஒரு தடவை பொய் சொன்னதே போதும். அந்தக் கடிதத்தை முன்கூட்டியே எழுதியது நான் செய்த பெரிய தப்பு.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டு. வலது மூலையில் அவர்கள் முத்திரை இருக்கிறது. முதலில் அதைப் பார். ஏப்ரல் 29. கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிய நாள் அது. உனக்கு வந்த கடிதத்தில் மே 30 என்று தேதி. அதை எழுதிய பிள்ளை பென்சிலைக் கையில் எடுப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே எனக்கு இது இருந்தது. நீ அனுப்பினதால் வரவில்லை. யார் அனுப்பினதாலும் வரவில்லை. இதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கைப்பையின் உள்ளறையில் வைத்திருந்தேன். உனக்காக எடுத்தேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம் கண்ணே. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம். உங்கள் வீட்டுக்கு வந்தபோதும் என் பையில் இந்தச் சீட்டு இருந்தது. அம்மாவிடம் சொல்லலாம் என்று நாலு நாளும் நினைத்தேன். சொல்லாமல் திரை தைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

முழுசாகக் குணமாகுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் இன்னும் தெரியாது. தெரிந்த அன்றைக்கே உனக்கு எழுதுவேன், அன்றைய தேதி போட்டு.

சாப்பிடு.

பெரியம்மா

ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்கா,

இன்று நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இந்தத் தடவை உண்மையைச் சொல்வாயா?

உன் கடிதம் வந்ததும் கீச்சு அந்தச் சீட்டை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். முத்திரையைப் பார்த்தாள். ஒட்டவைத்த அந்தக் கடிதத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். காலண்டரைக் கழற்றி மடியில் போட்டு ஒவ்வொரு நாளாக விரல் வைத்து எண்ணினாள். ஒரு தடவை எண்ணி நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். பிறகு எழுந்து வந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். நான் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். படியில் என் கையைப் பிடிக்கவில்லை, எனக்கு முன்னால் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள். அவள் பயம் தீர்ந்தது. என்னுடையது இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. நாலு நாள் என் வீட்டில் இருந்தாய். ஒரே தட்டில் சாப்பிட்டோம். இளைத்திருக்கிறாய் என்று கண்ணால் பார்த்தும் ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கும்போதெல்லாம் இதே நினைப்பு. இரண்டு சட்டை தீய்ந்துவிட்டது, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவு நினைத்தும் முதலில் மணியார்டரும் மாத்திரையும் அனுப்பலாம், பள்ளி விடுமுறையில் வரலாம் என்றுதான் யோசித்திருந்தேன். நேற்று சாப்பிடும்போது கீச்சு கேட்டாள்.

"பெரியம்மா யார்கிட்டயுமே சொல்லலையாம்மா?"

"இல்லடா."

"எனக்கும் அந்தக் கடிதம் வந்தப்ப நான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள். எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? பெரியம்மா ரெண்டு மாசம் அப்படி இருந்திருக்காங்க. இன்னும் அங்க தனியாத்தான இருக்காங்க?"

சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து கை கழுவிவிட்டு, வண்டிக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்யக் கிளம்பிவிட்டார்.

மூன்று பேரும் நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறோம். பதில் போடாதே, வாங்க இங்கே யாரும் இருக்கமாட்டோம்.

உன் தங்கை